320-இன் ஏழு ஜோடிகள்

ஆறாம் வகுப்புக்குக் காரணிகள் பாடம் நடத்தும் நாளில் 12, 24, 36 என்று சின்ன எண்களோடு நான் தொடங்கியதில்லை. கரும்பலகையின் நடுவில் 320 என்று எழுதிவிடுவேன். “எந்த ரெண்டு எண்ணைப் பெருக்கினா இது வரும்? வாங்க, ஆளுக்கு ஒண்ணு எழுதுங்க” என்பேன். முதலில் வருவது 10, 32. அடுத்து 2, 160. அப்புறம் 4, 80. பிறகு 8, 40. பாதியாக்கிப் பாதியாக்கிப் பழகிய பிள்ளைகளுக்கு அதுவரை சிரமமில்லை. 5, 64 வருவதற்குக் கொஞ்சம் நேரமாகும். 16, 20 எப்போதும் கடைசியில்தான் வரும். 1, 320 என்பதையும் சேர்த்தால் ஏழு ஜோடி, பதினாலு எண்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே ஒரு பெயர் எழுதுவேன். 2-க்கு எதிரே அரை. 4-க்குக் கால். 5-க்கு நாலுமா. 8-க்கு அரைக்கால். 10-க்கு இருமா. 16-க்கு வீசம், மாகாணி என்றும் சொல்வார்கள். 20-க்கு மா. 32-க்கு அரைவீசம், 40-க்கு அரைமா, 64-க்குக் கால்வீசம், 80-க்குக் காணி, 160-க்கு அரைக்காணி, 320-க்கு முந்திரி. ஒன்றை அத்தனை பங்காக்கினால் கிடைக்கும் ஒரு பங்குக்கு நம் முன்னோர் வைத்த பெயர்கள் இவை. பதினாலு எண்ணில் ஒன்றுகூடப் பெயரில்லாமல் நிற்கவில்லை. எந்த ஜோடியின் பெயர்களைப் பெருக்கினாலும் முந்திரியே வரும். மாவை வீசத்தால் பெருக்கினால் முந்திரி. காலைக் காணியால் பெருக்கினால் முந்திரி. அரைக்காலை அரைமாவால் பெருக்கினாலும் அதே முந்திரி.

இது தற்செயலாக நேர்ந்தது என்று என்னால் நம்ப முடியவில்லை. 1000-ஐ எடுத்துப் பாருங்கள்: 500, 250, 125. மூன்று முறை பாதியானதும் முழு எண் நின்றுபோகிறது. 320-ஐ ஆறு முறை பாதியாக்கலாம். 160, 80, 40, 20, 10, 5 என்று இறங்கிக் கடைசியில் ஐந்தில் நிற்கும். அளக்கிற பாத்திரத்துக்குப் பாதி, பாதியில் பாதி வேண்டும். எண்ணுகிற விரலுக்கு ஐந்தும் பத்தும் வேண்டும். இரண்டும் ஒரே எண்ணுக்குள் அடங்குகிற மாதிரி யாரோ உட்கார்ந்து யோசித்து எடுத்த எண் அது.

மா ஒன்றும் காணி ஒன்றும் கூட்டினால் மாகாணி. இருபதில் ஒன்றையும் எண்பதில் ஒன்றையும் கூட்டிப் பாருங்கள், பதினாறில் ஒன்று வரும். இதைக் கரும்பலகையில் போட்டதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். “முக்காலே மூணு வீசம் முடிஞ்சாச்சு” என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வது அவர்கள் காதில் விழுந்ததுதான். அது பதினாறில் பதினைந்து பங்கு என்பது அன்றைக்குத்தான் தெரியும்.

இந்தக் கணக்கெல்லாம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தது. தரையில் மணல் பரப்பி விரலால் எழுதிப் பழகி, கை திருந்திய பிறகு ஓலையும் எழுத்தாணியும் பிடிப்பார்கள். மனப்பாடம் செய்ய வேண்டிய சுவடிகள் பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாற்று. இன்றைய பள்ளியில் முழு எண்ணைப் படித்து மூன்று நான்கு ஆண்டு கழித்துப் பின்னம் வருகிறது. அன்றைக்குத் தொடக்கமே பின்னம்தான். முந்திரியும் முந்திரியும் அரைக்காணி, அரைக்காணி இரண்டு காணி என்று கூட்டிக்கொண்டே ஒன்றுக்கு ஏறிவருவார்கள். ஒன்றுக்குக் கீழே உள்ளது கீழ்வாயிலக்கம், மேலே உள்ளது மேல்வாயிலக்கம். பெருக்கல் வாய்ப்பாட்டைச் சொல்லி முடித்ததும், அந்த வாய்ப்பாட்டில் வந்த விடைகளையெல்லாம் கூட்டினால் வரும் தொகையையும் சொல்ல வேண்டும். நடுவில் ஒரு விடை பிசகியிருந்தால் கடைசித் தொகை காட்டிக்கொடுத்துவிடும். மனப்பாடத்துக்குள்ளேயே சரிபார்க்கும் வழியையும் வைத்திருந்தார்கள் என்பது என்னை இன்றும் வியக்க வைக்கிறது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த செந்தில்பாபு இந்தச் சுவடிகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 2022-இல் ஆங்கிலத்தில் ஒரு நூலாக வெளியிட்டிருக்கிறார். கணக்கு ஆசிரியர்கள் எல்லாரும் படிக்க வேண்டிய நூல்.

நெல்லிலக்கத்தில் ஒரு பெருக்கல் சங்கிலி உண்டு. 360 நெல் ஒரு செவிடு. ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு. இரண்டு ஆழாக்கு உழக்கு, இரண்டு உழக்கு உரி, இரண்டு உரி நாழி. எட்டு நாழி குறுணி, இரண்டு குறுணி பதக்கு, இரண்டு பதக்கு தூணி, மூன்று தூணி கலம். பெருக்கிக்கொண்டே வந்தால் ஒரு நாழிக்கு 14,400 நெல், ஒரு கலத்துக்கு 96 நாழி. ஒரு நெல்லில் தொடங்கி ஒரு களத்து விளைச்சல் வரை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்.

திருத்தணியில் இந்தச் சங்கிலியின் நடுத்துண்டு இன்னும் பிழைத்திருக்கிறது. சரவணப் பொய்கைப் பக்கம் வேகவைத்த வேர்க்கடலை விற்கிற அம்மா ஒருவர் தராசு வைத்துக்கொள்வதில்லை. அவரிடம் இருப்பவை ஒரு படி (அதுதான் நாழி), ஓர் உழக்கு, ஓர் ஆழாக்கு.

“ஏம்மா, படி எவ்வளவு?”

“படி நூத்தி இருபது டீச்சரம்மா. ஆழாக்கு பதினஞ்சு. எவ்வளவு போடட்டும்?”

“மூணு ஆழாக்கு.”

உழக்கால் ஒரு தரம், ஆழாக்கால் ஒரு தரம் மொண்டு போட்டார். “நாப்பத்தஞ்சு குடுங்க.” அடுத்து வந்தவர் நகரிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தார். அவருக்குப் படி கணக்கில் அளந்தார். முதல் படிக்கு ‘லாபம்’, பிறகு ‘ரெண்டு’, அதற்குமேல் தெலுங்கில் ‘மூடு’, ‘நாலுகு’. ‘லாபம்’, ‘ரெண்டு’ இரண்டும் இரு மொழிக்கும் பொது; மூன்றில்தான் பாதை பிரிகிறது. அந்த அம்மா பள்ளிக்கூடம் போனதில்லையாம். எட்டால் வகுப்பதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மூன்று பாத்திரமும் சொல்லித் தந்திருக்கின்றன.

எங்கள் ஊரின் கணக்கு வரலாறு தெற்கே உள்ள ஊர்களுடையது போன்றதல்ல. தெற்கே கணக்குப்பிள்ளை என்பார்கள், இங்கே கர்ணம். கார்வேட்நகர் ஜமீனுக்கு உட்பட்டு, வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்த திருத்தணி, 1911 ஏப்ரல் 1-ஆம் தேதி சித்தூர் மாவட்டம் உருவானபோது அதில் சேர்ந்தது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூரோடு நாங்களும் அங்கே போனோம். ம.பொ.சி., மங்கலங்கிழார், விநாயகம் போன்றவர்கள் நடத்திய வடக்கெல்லைப் போராட்டமும் எல்லை பற்றிய படாஸ்கர் முடிவும் வந்து, 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி மறுபடி இந்தப் பக்கம் வந்தோம். ஆகவே இங்கே தமிழ் வாய்ப்பாடும் கேட்கும், தெலுங்கு வாய்ப்பாடான ‘எக்காலு’வும் கேட்கும். 1888-இல் இங்கே ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் தொடக்கக் கல்வி படித்ததும் இந்த ஊரில்தான்.

தெலுங்குக் கணக்கில் பின்னம் நாலு நாலாகவே இறங்கும். பாவு என்றால் கால், வீசம் என்றால் பதினாறில் ஒன்று, காணி என்றால் அறுபத்துநாலில் ஒன்று. தமிழ்க் காணி எண்பதில் ஒன்று, தெலுங்குக் காணி அறுபத்துநாலில் ஒன்று! வீசம் இரண்டு பக்கமும் ஒன்றே. காணிக்கு வந்தால் அளவு மாறிவிடும். தமிழில் அந்த ஐந்து உள்ளே நுழைந்திருக்கிறது, தெலுங்கில் நுழையவில்லை. வேறுபாடு அவ்வளவுதான். 80-ஐ 16-ஆல் வகுத்தால் 5, 64-ஐ 16-ஆல் வகுத்தால் 4. எல்லையில் வாழ்கிற பிள்ளைகளுக்குக் காரணிகளைக் கற்பிக்க இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

வெள்ளைக்காரன் காலத்து ரூபாய் தெலுங்குக் காணியோடு பொருந்தியது. ரூபாய்க்குப் பதினாறு அணா, 64 காலணா, 192 பை. வீசம் ரூபாய் என்றால் ஓரணா. தெலுங்குக் காணி ரூபாய் என்றால் சரியாகக் காலணா. தமிழ்க் காணி ரூபாய் எந்தக் காசிலும் உட்காராது. 192 என்பது 64-ஐ மூன்றால் பெருக்கியது. 320 என்பது 64-ஐ ஐந்தால் பெருக்கியது. ஐந்து இருந்த இடத்தில் மூன்று வந்து உட்கார்ந்ததும் மாவும் நாலுமாவும் கடைத்தெருவில் பயன்படாமல் போயின. வீசமும் அரைக்காலும் மட்டும் தாக்குப்பிடித்தன. எங்கள் காலத்தில் வாய்ப்பாட்டை 16 வரை ஒப்பிக்கச் சொன்னதும் இந்த அணாக் கணக்கின் மிச்சம்தான் என்பது என் எண்ணம்.

1957 ஏப்ரல் 1-ஆம் தேதி ரூபாய்க்கு நூறு நயாபைசா வந்தது. ஓரணாவுக்கு ஆறேகால் நயாபைசா என்பதை ஆறாக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். இரண்டணா பன்னிரண்டரைக்குப் பதில் பன்னிரண்டு. மூன்றணாவுக்குப் பத்தொன்பது. நாலணாவுக்குத்தான் 25 என்று கணக்கு நேரானது. நூறை இரண்டு முறைக்குமேல் பாதியாக்க முடியாததால் வந்த வினை இது. மூன்று ஆண்டு இடைவெளியில் எங்கள் ஊருக்குக் காசும் மாறியது, மாநிலமும் மாறியது. படியும் மரக்காலும் போய் லிட்டரும் கிலோவும் வந்தது அதையொட்டியே. கர்ணம் பதவி தமிழ்நாட்டில் 1980-இலும் ஆந்திரத்தில் 1984-இலும் ஒழிந்தது.

பழைய முறையின் அழகைச் சொல்கிறபோது அது யார் கையில் இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் கணக்கெடுக்கச் சொல்லி, 1826-இல் தொகுத்த விவரப்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். அவர்களில் பெண் பிள்ளைகள் 4,540 பேர் மட்டுமே. நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. களத்தில் நெல்லைத் தூற்றியவர்களும் நாற்று நட்டவர்களும் பெரும்பாலும் அந்தத் திண்ணையில் உட்கார முடியாதவர்கள். கூலி நெல்லை அளக்கிற கை ஒருவருடையது, வாங்கிக்கொள்கிற முந்தானை வேறொருவருடையது. குறுணிக்கு எத்தனை நாழி என்று வாங்குபவருக்குத் தெரியும். நிலத்தின் மாவும் காணியும் முந்திரியும் தெரியாது. இந்தக் கணக்கை எல்லாப் பிள்ளைகளுக்கும், முக்கியமாகப் பெண் பிள்ளைகளுக்கும், நான் விடாமல் சொல்லிக்கொடுத்ததற்குக் காரணம் இதுதான்.

அதே திண்ணைப் பள்ளியின் வழக்கம் ஒன்று கடல் கடந்து போனது. எழும்பூரில் படைவீரர்களின் அநாதைச் சிறுவர்களுக்கான விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், நம் பிள்ளைகள் மணலில் எழுதுவதையும் பெரிய பையன் சட்டாம்பிள்ளையாக நின்று சின்னவர்களுக்குச் சொல்லித் தருவதையும் கவனித்தார். 1797-இல் லண்டனில் அதைப் புத்தகமாக்கினார். இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகளில் அது ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரோடு நடந்தது.

இனி இடமதிப்புக்கு வருகிறேன். தமிழ் எண்களில் பூச்சியமில்லாமல் எப்படிச் சமாளித்தார்கள் என்று பிள்ளைகள் கேட்பார்கள். எங்கள் மலைக்கோயில் படிகளின் எண்ணிக்கையையே எழுதிக் காட்டுவேன். 365 என்பதைப் பழைய முறையில் ௩௱௬௰௫ என்று எழுத வேண்டும். மூன்று, நூறு, ஆறு, பத்து, ஐந்து. எழுதியபடி வாசித்தால் மூன்று நூறு, ஆறு பத்து, ஐந்து. ஒவ்வொரு எண்ணும் ஒரு பெருக்கல், ஒரு கூட்டல். 305 என்றால் ௩௱௫. பத்து இல்லாதபோது பத்தின் குறியும் இல்லை, காலி இடத்தைக் காட்டப் பூச்சியமும் தேவையில்லை. எழுதி வைக்க அருமையான முறை. ஆனால் எண்ணுக்குக் கீழ் எண்ணை அடுக்கிப் பெருக்க இது ஒத்துவராது. 1825-இல் அச்சான ‘கணித தீபிகை’ தமிழ் எண்களோடு பூச்சியத்தைச் சேர்த்து, இடத்தைக் கொண்டு மதிப்பு சொல்லும் முறையைப் புகுத்தியது.

ஆனால் இடமதிப்பு என்ற எண்ணமே அதற்கு முன் இங்கே இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது பின்னத்தில் இருந்தது. மாவை மாவால் பெருக்கிப் பாருங்கள்: நானூறில் ஒன்று. முந்திரியைவிடச் சிறியது, ஏணியில் அதற்குப் படி இல்லை. அப்போது என்ன செய்தார்கள்? முந்திரியையே ஒன்றாக வைத்துக்கொண்டு அதே பெயர்களை மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். முன்னால் ‘கீழ்’ என்று சேர்த்துக்கொண்டார்கள். கீழரை என்றால் முந்திரியில் பாதி, கீழ்க்கால் என்றால் முந்திரியில் கால். நானூறில் ஒன்று, முந்திரியில் ஐந்தில் நாலு பங்கு. அதாவது கீழ் முக்காலே ஒரு மா. கீழ்முந்திரி என்றால் 320-ஐ 320-ஆல் பெருக்கி வரும் 1,02,400-இல் ஒரு பங்கு. நமக்கு இடது வலது என்று பத்துப் பத்தாக இடம் மாறுகிறது. அவர்களுக்கு மேல் கீழ் என்று 320, 320-ஆக இடம் மாறியது. குறி அதே, இடம் வேறு, மதிப்பு வேறு. இடமதிப்பு என்பதன் உயிரே அதுதானே?

1010-இல் குடமுழுக்குக் கண்ட தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் இந்தக் ‘கீழ்’ திரும்பத் திரும்ப வருகிறது. இராஜராஜன் காலத்து நில அளவையில் ஒரு வேலியின் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்குவரை கணக்கு போயிருக்கிறது. கல்வெட்டு ஆய்வாளர்கள் இதைக் குறிப்பிட்டு வியந்திருக்கிறார்கள். அந்தப் பெரிய எண்ணைக் கண்டு வகுப்பு மலைத்து நிற்கும்போது காரணிகளாகப் பிரிக்கச் சொல்வேன். 320-ஐ நான்கு முறை பெருக்கினால் 1,048 கோடியே 57 லட்சத்து 60 ஆயிரம். அதை ஐந்தால் பெருக்கினால் கல்வெட்டுக் கணக்கு அப்படியே வந்து நிற்கும். நான்கு ‘கீழ்’ இறங்கி, கடைசியில் ஒரு நாலுமா. அவ்வளவுதான். ஒரு வேலியை 6.6 ஏக்கராகக் கொண்டால் அந்தத் துண்டு நிலம் ஏறக்குறைய அரைச் சதுர மில்லிமீட்டர். எந்தக் கோலும் அதை அளந்திருக்காது. நீளத்தையும் அகலத்தையும் பின்னமாகப் பெருக்கும்போது விழுந்த மிச்சத்தைக்கூடத் தள்ளிவிடாமல் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். திருத்தணியிலும் வீரட்டானேசுவரர் கோயிலில் அபராஜித பல்லவன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. பக்கத்து வேலஞ்சேரியில் 1977-இல் பல்லவர், சோழர் செப்பேடுகள் கிடைத்தன. அரசர்களின் போர்களையும் வம்சத்தையும் அவற்றில் தேடிப் படிக்கிற நாம், நிலக் கணக்கு வந்தால் தாண்டிப் போய்விடுகிறோம். எனக்கு அந்தக் கணக்கு வரிகள்தான் நெருக்கமானவை. முந்திரி முதலான குறிகள் 2019-இல் ஒருங்குறியில் சேர்ந்துவிட்டதால் இன்று கணினியிலும் அவற்றை எழுதலாம்.

365-க்கு வருகிறேன். டிசம்பர் 31-ஆம் தேதி திருப்படித் திருவிழா. வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கி வைத்தது. படி ஒவ்வொன்றுக்கும் மஞ்சள், குங்குமம், கற்பூரம், ஒரு திருப்புகழ். படி ஏறிக்கொண்டே பிள்ளைகளிடம் ஜோடி கேட்பேன். 1, 365. பிறகு 5, 73. அவ்வளவுதான், இரண்டே ஜோடி. ஏழாலும் வகுபடாது, ஐம்பத்திரண்டு வாரம் போக ஒரு நாள் மிஞ்சும். ஐந்து குழுவாகப் பிரிந்தால் குழுவுக்கு 73 படி. வேறெந்த விதமாகவும் மிச்சமில்லாமல் பங்கு போட முடியாது. 320 மனிதர் தேர்ந்தெடுத்த எண், அதனால் பிரிக்கப் பிரிக்கப் பிரியும். 365 சூரியன் கொடுத்தது. நம் வசதியைப் பார்த்துக் கொடுக்கவில்லை.

காரணி ஜோடிகள் இன்று எங்கள் ஊரில் அதிகம் புழங்கும் இடம் திருப்பதி சாலையை ஒட்டிய மனைப் பிரிவுகள். சிமென்ட் கல் நட்டு, கொடி கட்டி, பலகை வைத்திருப்பார்கள். தொண்டை நாட்டில் 24 அடிக்கு 24 அடி ஒரு குழி, நூறு குழி ஒரு காணி. 57,600 சதுர அடி. இந்த நிலக் காணி வேறு, பின்னக் காணி வேறு. அந்தக் காணியை 24 மனையாக்கினால் மனைக்கு 2,400 சதுர அடி, அதுதான் கிரவுண்டு. அதில் பாதி 1,200. சம்பளக்காரர்களுக்குக் கட்டுப்படியாவது அதுதான்.

என்னிடம் படித்த ஒருவன், இப்போது அரக்கோணத்தில் வேலை பார்க்கிறவன், மனை பார்க்க என்னையும் கூட்டிப் போனான். “டீச்சர், எல்லாமே 1,200 சதுர அடி, விலையும் ஒண்ணுதான். எதை எடுத்தா என்ன?” என்றான். வரைபடத்தின் பின்பக்கம் எழுதச் சொன்னேன். 20-க்கு 60: சுற்றளவு 160 அடி. 24-க்கு 50: 148. 25-க்கு 48: 146. 30-க்கு 40: 140. சுற்றுச்சுவர் ஓரடிக்கு என்ன செலவாகும் என்று மேஸ்திரியை அங்கேயே போனில் கேட்டான். 20-க்கு 60 மனையில் சுவர் மட்டும் 20 அடி கூடுதல். வீடு கட்டினாலும் ரயில் பெட்டி மாதிரி நீண்டு நடு அறைக்கு வெளிச்சம் வராது. 30-க்கு 40 மனைக்கு முன்பணம் கொடுத்தான். அவன் மகள் ஐந்தாவது படிக்கிறாள். அப்பா கையிலிருந்த தாளை வாங்கி, 1,200-க்கு மிச்சமிருந்த 11 ஜோடிகளை 15, 80-இல் தொடங்கி எழுத ஆரம்பித்தாள்.